டிசம்பர் சீசன்: யார் பாடுகிறார் என்று பார்த்துப் போவதா, எந்தச் சபா என்று பார்த்துப் போவதா?

சென்னையின் டிசம்பர் கர்நாடக இசைக் கச்சேரி சீசனைப் பற்றி ஓர் இணைய இழையில் வந்த கேள்வியும், அதற்கு நான் எழுதிவந்த பதில்களும்.

கேள்வி (நவம்பர் 27)

"சீசன் அட்டவணைகள் வர ஆரம்பித்துவிட்டன. என் கட்சி இதுதான்: யார் பாடுகிறார் என்பது மட்டுமே கணக்கு. சபா, கான்டீன், பட்டுப்புடவை, பழைய நண்பர்களைப் பார்ப்பது எல்லாம் மேல்பூச்சு. பிடித்த பாடகர் மாட்டுக்கொட்டகையில் பாடினாலும் போவேன். பிடிக்காதவர் மியூசிக் அகாடமியில் பாடினாலும் எட்டிப் பார்க்கமாட்டேன். மறுக்க யாராவது உண்டா?"

நவம்பர் 27, இரவு

நான் மறுக்கிறேன்.

சென்னை சீசனில் பெரிய பெயர்கள் ஒரே சபாவில் மட்டும் பாடுவதில்லை. அகாடமியில் ஒரு நாள், நாரத கான சபாவில் ஒரு நாள், கிருஷ்ண கான சபாவில், பிரம்ம கான சபாவில், வாணி மகாலில், மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸில் என்று சுற்றி வருவார்கள். எல்லா அட்டவணைகளையும் மேஜையில் பரப்பிப் பாருங்கள். மாலைக் கச்சேரிப் பெயர்களில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும். அப்படியென்றால் "யார்" என்பதை முடிவு செய்த பிறகும் "எங்கே, எத்தனை மணிக்கு" என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது. ஒரே பாடகரை ஒரே மாதத்தில் இரண்டு அரங்குகளில் கேட்டவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

நவம்பர் 28

இன்னொன்று விட்டுப்போயிற்று. "யார்" என்று சொல்பவர்கள் அந்த "யார்" முழுவதையும் படிப்பதே இல்லை. அட்டவணையில் பாடகர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே பொடி எழுத்தில் வயலின், மிருதங்கம், கடம் அல்லது கஞ்சிரா. நான் முதலில் பார்ப்பது அந்தப் பொடி எழுத்தைத்தான். ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனையில் பாடகர் நிறுத்திய இடத்திலிருந்து வயலின் எதை எடுத்துக்கொள்கிறது, ஒரே வரியைப் பலவிதமாக விரிக்கும் நிரவலின்போது மிருதங்கம் எங்கே அடங்கி வாசிக்கிறது, எங்கே ஏறுகிறது, இவைதான் அந்த மாலையின் தரத்தைத் தீர்மானிக்கின்றன. பாடகர் அவரேதான், பக்கவாத்தியம் வேறு என்றால் கேட்பது வேறு கச்சேரி.

நவம்பர் 30

மாட்டுக்கொட்டகை விஷயத்துக்கு வருகிறேன். மூன்று பேர் அதை ஆமோதித்திருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாக.

எனக்கு உயிரான ஒரு பாடகர். பெயர் வேண்டாம், சபா பெயரும் வேண்டாம். பைரவி எடுத்தார். அன்றைக்கு அவருக்குக் குரல் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தது, அது முதல் வரிசைக்காரர்களின் முகத்திலேயே தெரிந்தது. நான் உட்கார்ந்திருந்தது பக்கவாட்டில், பெரிய ஸ்பீக்கருக்கு எதிரே. மிருதங்கத்தின் வலந்தலை சம்மட்டி அடிபோல வந்து விழுந்தது. வயலினின் மேல் ஸ்தாயி காதைக் கீறியது. பாடகர் மூன்று நான்கு முறை மைக்காரரைப் பார்த்து, மானிட்டரில் தம்பூராவைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். ஒவ்வொரு முறையும் வேறு ஏதோ ஒன்று ஏறியது. அந்தப் பைரவி என் காதுவரை வந்து சேரவே இல்லை. பிடித்த பெயர்தான், பிடித்த ராகம்தான், அதற்காகவே ஆபீசில் அரை நாள் லீவு போட்டிருந்தேன்.

மைக்கையே வெறுப்பவள் என்று நினைக்க வேண்டாம். மைக் வருவதற்கு முன்னால் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும் என்பதற்காகவே உச்ச ஸ்ருதியில், எட்டுக்கட்டையில் பாடவேண்டியிருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எம்.டி.ராமநாதனின் அந்த ஆழமான, தாழ்ந்த ஸ்ருதிக் குரல் ஒரு பெரிய அரங்கத்தை நிறைக்க முடிந்தது என்றால் அதில் மைக்குக்கும் பங்குண்டு. ஆனால் அது இசையோடு சம்பந்தப்பட்ட வேலை. சபா நடத்துகிறவர்கள் அதைப் பந்தல்காரரின் வேலையோடு சேர்த்துவிடுகிறார்கள்.

டிசம்பர் 2

"அப்படியானால் நீங்கள் கான்டீன் கட்சியா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

இல்லை. என் அம்மாவின் முழங்கால் கட்சி. சபாவைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் யோசிப்பது எத்தனை படி ஏற வேண்டும், கைப்பிடி இருக்கிறதா, கழிப்பறை எந்த மாடியில், இரவு ஒன்பதரைக்குக் கச்சேரி முடிந்தால் வாசலில் ஆட்டோ கிடைக்குமா என்பதைத்தான். அம்மாவுக்குப் பாடகர்களின் பரம்பரையே அத்துப்படி. எந்த வித்வானுக்கு யார் குரு, எந்தப் பாட்டுக்கு எந்தப் பாடம் என்று சொல்லிவிடுவார். அவருக்கு "யார்" முக்கியமில்லாமல் இல்லை. அந்த "யார்" வரை போய்ச் சேர்வதற்கு நடுவில் படிக்கட்டு நிற்கிறது. அனுபவம் என்றாலே ரவா தோசை என்று பேசுகிறவர்கள் இதை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். நல்ல கால் இருப்பவர்களுக்குப் படியும் கைப்பிடியும் மேல்பூச்சு. மற்றவர்களுக்கு அதுதான் நுழைவுச்சீட்டு.

டிசம்பர் 5

பேச்சு வெளிநாட்டுக்குப் போய்விட்டது. போகட்டும், அங்கேயும் இதே கேள்விதான்.

இங்கிலாந்தில் கிளாஸ்டன்பரி இசை விழா. 1970-இல் ஒரு பால் பண்ணையில் ஆரம்பித்தது. அப்போது நுழைவுக்கட்டணம் ஒரு பவுண்டு, பால் இலவசம். இப்போது அதன் டிக்கெட்டுகள் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே, முக்கியமான பெயர்கள் வெளியாவதற்கு முன்பே, விற்றுத் தீர்ந்துவிடுகின்றன. யார் பாடப்போகிறார்கள் என்று தெரியாமலே லட்சக்கணக்கானோர் பணம் கட்டுகிறார்கள். கேள்வி கேட்டவரின் கட்சிக்கு இதைவிடப் பெரிய மறுப்பு கிடையாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

நான் அப்படிப் பார்க்கவில்லை. பட்டியல் தெரியாமல் பணம் கட்டுகிறார்கள் என்றால், இத்தனை ஆண்டுகளாக வந்த பட்டியல்களை நம்பிக் கட்டுகிறார்கள். நம் ஊரில் அட்டவணையைப் பார்க்காமலே அகாடமிக்குச் சீசன் டிக்கெட் வாங்கும் குடும்பங்களும் அப்படித்தான். 1928-இலிருந்து சேர்த்து வைத்த நம்பிக்கை அது.

அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசை விழா பற்றியும் எழுதியிருக்கிறார்கள். 1969 ஆகஸ்ட், நாலு லட்சத்துக்கும் மேல் கூட்டம், மழை, சேறு. முதல் நாள் இரவு மழையில் பண்டிட் ரவிசங்கர் சிதார் வாசித்தார். பட்டியலில் உச்சிப் பெயரான கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மேடையேறியது திங்கட்கிழமை காலையில், கூட்டத்தில் பெரும்பகுதி கிளம்பிப்போன பிறகு. இன்றைக்கு அந்த விழா என்றவுடன் உலகம் நினைப்பது அந்தக் காலை நேர வாசிப்பைத்தான். வந்திருந்தவர்களில் பலர் அதைக் கேட்காமலே வீட்டுக்குப் போனார்கள். வந்தவர்களுக்குக் கிடைத்தது விழா, வராதவர்களுக்கு ஒலிப்பதிவில் கிடைத்தது இசை. இதை எந்தக் கட்சிக்கு ஆதரவாக எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

டிசம்பர் 5, சற்றுப் பிறகு

பக்கத்திலேயே உதாரணம் இருக்கும்போது இங்கிலாந்து எதற்கு? 2023 செப்டம்பர் 10, பனையூர், ஏ.ஆர்.ரஹ்மான் நிகழ்ச்சி. மழையால் ஆகஸ்டிலிருந்து தள்ளிப்போன நிகழ்ச்சி அது. டிக்கெட்டை வைத்துக்கொண்டே உள்ளே போக முடியாமல் எத்தனை பேர் திரும்பினார்கள், கூட்ட நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் என்ன பாடு பட்டார்கள், கிழக்குக் கடற்கரைச் சாலை எப்படி ஸ்தம்பித்தது என்பதெல்லாம் மறுநாள் செய்திகளில் வந்தது. உள்ளே போக முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பும்படி ரஹ்மானே கேட்டுக்கொண்டார். நான் அங்கே போகவில்லை, என் தோழி குடும்பத்தோடு போய் வாசலிலிருந்தே திரும்பினாள். பட்டியலில் ஒரே பெயர், அதுவும் தமிழ்நாட்டில் எல்லாரையும் வரவழைக்கும் பெயர். "யார்" மட்டுமே போதும் என்றால் அவளுக்கு அன்றிரவு என்ன கிடைத்திருக்க வேண்டும்?

டிசம்பர் 8

இதை யோசித்துக்கொண்டே இருந்ததில் 2020 ஞாபகம் வந்தது. உண்மையில் இந்தக் கேள்விக்கு நாம் எல்லாரும் சேர்ந்து ஒரு பரிசோதனை செய்து முடித்துவிட்டோம், யாரும் அதைக் குறிப்பிடவில்லை.

அந்த டிசம்பரில் கொரோனாவால் கச்சேரிகள் இணையத்துக்குப் போயின. பெரிய பெயர்கள் இருந்தன, பக்கவாத்தியம் இருந்தது, ஒலிப்பதிவு துல்லியமாக இருந்தது. கேமரா கிட்டப்போய் மிருதங்கக்காரரின் விரல்களைக் காட்டியது. அகாடமியின் முதல் வரிசையிலிருந்துகூட அது தெரியாது. சபா, கூட்டம், கான்டீன், டிராஃபிக் எதுவும் கிடையாது. பட்டியல் மட்டும். கேள்வி கேட்டவர் சொல்லும் சொர்க்கம் அதுதானே?

எனக்கு அந்தச் சீசன் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போனது. தோடி ஆலாபனை நடுவில் குக்கர் விசில். நிறுத்தினேன். திரும்ப வந்து போட்டேன், போன் வந்தது. திரும்ப நிறுத்தினேன். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்ததில் பாதிக்கு மேல் பார்க்கவே இல்லை. நிறுத்த முடியும் என்பதாலேயே கேட்கவில்லை. தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் உச்சத்துக்குப் போய்க் கோர்வை வைத்து முடிந்ததும் காலி அரங்கத்தில் நிசப்தம். வாசித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். கைதட்ட அங்கே ஆளில்லை. என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து நான் கைதட்டினேன், அவர்களுக்குக் கேட்காது என்று தெரிந்தும்.

டிசம்பர் 9

நேற்று எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு அதுதான்டி நல்ல சீசன். படி ஏறலை, குளிர் தாங்கலைன்னு பாதியில கிளம்பலை. ராகம் தானம் பல்லவி முழுசும் கேட்டேன்" என்றார்.

சரிதான். அதே ஒலிபரப்பு, அதே சோபா. எனக்கு இல்லாமல் போனது அவருக்குக் கிடைத்தது. ஆகவே "அனுபவம்" என்று ஒட்டுமொத்தமாகப் பேசுவதை நான் விட்டுவிடுகிறேன். இனிமேல் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கப்போகிறேன்: உட்கார்ந்து முழுசாகக் கேட்க முடிந்ததா? அதற்கு உதவுவது எதுவோ அது முக்கியம். அது மைக்காக இருக்கலாம், கைப்பிடியாக இருக்கலாம், வீட்டு சோபாவாகவும் இருக்கலாம்.

டிசம்பர் 11

கான்டீன் பற்றி என் கருத்தைக் கேட்டே தீருவேன் என்கிறார்கள்.

எனக்குச் சாப்பாடு பிடிக்கும். அறுசுவை நடராஜன், மவுன்ட்பேட்டன் மணி ஐயர், ஞானாம்பிகா என்ற கான்டீன்காரர்களின் பெயர்களைச் சங்கீத வித்வான்களின் பெயர்களுக்குச் சமமாகச் சொல்லும் வீட்டில் வளர்ந்தவள். இலை போட்ட மதியச் சாப்பாட்டுக்கு டோக்கன் வாங்கி நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர் நேற்றைய கச்சேரியின் கல்யாணியைப் பற்றிப் பேசுவார். நீங்கள் ஒன்று சொல்வீர்கள், பின்னால் நிற்பவர் அதை வெட்டிப் பேசுவார். அந்த வரிசையில் நான் கற்றுக்கொண்ட சங்கீதம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து கான்டீனுக்குப் போவதை என்னால் சகிக்க முடியவில்லை. அதை வேடிக்கையாகச் சொல்லிச் சொல்லிப் பழக்கமாகவே ஆக்கிவிட்டோம். பிரதானப் பாட்டு முழுக்க மற்றவர்களுக்காக வாசித்த கலைஞருக்கு அந்த மாலையில் கிடைப்பது அந்தச் சில நிமிடங்கள்தான். தலையைக் குனிந்துகொண்டு வரிசையிலிருந்து நகர்கிறவர்கள் மேடையிலிருந்து தெரியமாட்டார்களா? ஒரு கடம் வித்வான், வாசித்துக்கொண்டே, கதவு திறந்து மூடுவதைப் பார்த்ததை நான் பார்த்தேன். அவர் கை தடுமாறவில்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

கவனியுங்கள், எழுந்து போகிறவர்களில் இரண்டு கட்சியும் இருக்கிறது. பாடகருக்காக வந்தவர் "இனி சின்னச் சின்னத் துக்கடாதானே" என்று போகிறார். கான்டீனுக்காக வந்தவர் வரிசை நீள்வதற்கு முன் போகிறார்.

டிசம்பர் 17

மார்கழி பிறந்துவிட்டது. இன்று மதியக் கச்சேரிக்குப் போனேன். டிக்கெட் இல்லை, யார் வேண்டுமானாலும் போகலாம். பாடிய பெண்ணின் பெயரை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. அரங்கத்தில் முன்பாதியே நிரம்பவில்லை. ஏ.சி.யை அப்போதுதான் போட்டார்கள்.

காம்போதி எடுத்தாள். முதலில் பயம் தெரிந்தது, ஸ்ருதிப்பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். முதல் வரிசையில் ஒரு பெரியவர், காதில் கருவி மாட்டியவர், தாளம் போட்டுக்கொண்டிருந்தவர், ஒரு பிடிக்கு "ஆஹா" என்றார். பலமாகக்கூட இல்லை. அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு வந்த நிரவல் இருக்கிறதே, வயலின் பையன் அவள் விட்ட இடத்தை விடாமல் பிடித்தான், இருவருக்கும் நடுவில் மிருதங்கம் பாதை போட்டுக்கொண்டே போனது. கூட்டம் குறைவு என்பதால் மைக்கும் அளவாக இருந்தது. தம்பூராகூடக் கேட்டது.

நேரம் முடிந்துவிட்டது என்று பக்கத்திலிருந்து சைகை காட்டினார்கள். அடுத்த கச்சேரிக்காரர்கள் காத்திருந்தார்கள். மங்களம் பாடி இறங்கினாள்.

டிசம்பர் 18

"பார்த்தீர்களா, பெயரே தேவையில்லை என்று நீங்களே நிரூபித்துவிட்டீர்கள்" என்கிறார்கள். இல்லை. அந்தப் பெண்ணின் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டேன். அடுத்த வருஷ அட்டவணையில் அதைத்தான் முதலில் தேடுவேன். பெயர்கள் இப்படித்தான் உண்டாகின்றன. இன்றைக்கு மாலை நேரத்தில் பாடுகிறவர்கள் பலரும் ஒரு காலத்தில் மதியம் அரைக் காலி அரங்கத்தில் பாடியவர்கள்தான். பெயருக்காக மட்டும் போவேன் என்பவர்கள் எல்லாரும் மாலையில்தான் வருவார்கள் என்றால், மதியம் அந்த "ஆஹா"வைச் சொல்ல யார் இருப்பார்கள்?

டிசம்பர் 22

பாரிமுனைக்குப் போயிருந்தேன், ராஜா அண்ணாமலை மன்றம், தமிழ் இசைச் சங்கம். மயிலாப்பூர்க்காரர்கள் பலர் அந்தப் பக்கம் வருவதே இல்லை. மேடையில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்பதற்காக 1943-இல் ஆரம்பித்த அமைப்பு அது. பண் ஆராய்ச்சி மாநாடும் நடத்துகிறார்கள், ஓதுவார்கள் வருகிறார்கள்.

"யார்", "எங்கே" என்று இத்தனை நாள் சண்டை போட்டோம், "என்ன பாடுகிறார்கள்" என்பதை விட்டேவிட்டோம். இந்தச் சங்கம் பிறந்ததே அந்தக் கேள்வியிலிருந்துதான். எனக்குப் பக்கத்தில் மண்ணடியில் கடை வைத்திருப்பவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ராகத்தின் பெயர் தெரியாது என்றார். தேவாரத்துக்கு வரி வரியாக உதடு அசைந்தது. பாடியவர் பெயரை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவரை அங்கே கூட்டிவந்தது பாட்டுதான்.

டிசம்பர் 26

சின்னதாக ஒன்று. சால்வை கொண்டுபோங்கள், ஏ.சி. குளிர் பொல்லாதது. பிளாஸ்டிக் பையை ஆலாபனையின்போது பிரிக்காதீர்கள். போனில் படம் பிடிப்பவர்களின் திரை வெளிச்சம் பின்வரிசைக்காரர் கண்ணில்தான் அடிக்கிறது.

ஜனவரி 3

திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனையை யாரும் சொல்லவில்லையே என்று ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். நானே எழுத நினைத்திருந்தேன்.

தியாகராஜர் சித்தியடைந்தது 1847-இல். அவர் சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்ததை எடுத்துக் கட்டியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள், தன் சொத்தைப் போட்டு. கட்டினவருக்கே அங்கே பாட அனுமதி இல்லை, பெண் என்பதால். அதை எதிர்த்துப் பெண்களுக்கென்று தனியாக ஆராதனை நடத்தினார். தனித்தனியாக ஆராதனை நடத்திவந்த கட்சிகள் எல்லாம் 1940-களில்தான் ஒன்றாயின.

தியாகராஜரின் ஐந்து கிருதிகளான பஞ்சரத்னம் பாடும் காலை, காவிரிக்கரைப் பந்தலில் வித்வான்களும் மாணவர்களும் எதிரெதிர் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். நாட்டையில் ஆரம்பித்து கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீராகம். எல்லாரும் சேர்ந்து. பெரிய பெயரின் குரலும் பாட்டு வகுப்புப் பெண்ணின் குரலும் பிரித்தறிய முடியாமல் வரும். ஒலி துல்லியமா? இல்லை. உட்கார வசதியா? இல்லவே இல்லை, வெயில், நெரிசல், கால் மரத்துப்போகும். யார் பாடினார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. ஆனாலும் வராளி வந்தபோது நான் அழுதேன், பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நவம்பரில் நான் எழுதிய மைக், இருக்கை, அரங்கம் எதுவும் அங்கே பொருந்தவில்லை. அங்கே நான் கேட்க மட்டும் போகவில்லை, பாடவும் போனேன். அது வேறு கணக்கு என்று தோன்றுகிறது. கேட்பவராகப் போகும் இடத்தில்தான் என் பழைய கேள்வி செல்லும்.

ஜனவரி 6

சீசன் முடிந்துவிட்டது, இழை இன்னும் ஓடுகிறது. இனி சண்டை வேண்டாம், ஒரு வேலை செய்வோம்.

சபா அட்டவணைகளில் பாடகர், பக்கவாத்தியம், நேரம், டிக்கெட் விலை எல்லாம் அச்சாகிறது. படிக்கட்டு எத்தனை, சக்கர நாற்காலி எந்த வழியாகப் போகலாம், தரைத்தளத்தில் கழிப்பறை உண்டா என்பது அச்சாவதில்லை. நேரில் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, அதற்குள் அம்மா வாசலில் நின்றுவிடுகிறார். நீங்கள் போன அரங்கங்களைப் பற்றி இந்த விவரங்களை இங்கே எழுதுங்கள். எந்த வரிசையில் ஸ்பீக்கர் காதில் அறையாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ராகசுதா அரங்கம், ஆர்கே மையம் போன்ற சின்ன அரங்கங்களையும் விட்டுவிடாதீர்கள். நான் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகத் தொகுத்து, அடுத்த நவம்பருக்குள் சபாக் காரியதரிசிகளுக்கு அனுப்புகிறேன்.